அமோனியா நெடிக்குப் பெருச்சாளி ஓடுமா?

வீட்டைச் சுற்றி: வாசகர் கேள்வி பதில்

தானியக் கிடங்குகளில் எலித்தடுப்பு வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான் என்பதால், இந்தப் பகுதிக்கு எப்போதும் எலிக் கடிதங்கள்தான் அதிகம் வரும். இந்த முறை வந்தவற்றில் பெரும்பாலானவை ஒரே வாட்ஸ்அப் வீடியோவைப் பற்றியவை. துணியை அமோனியாவில் நனைத்து மூலைக்கு மூலை போட்டுவிட்டால் எலி, பெருச்சாளி, பாம்பு, பூனை எதுவும் வீட்டுப் பக்கமே வராது என்கிறதாம். பலர் செய்தும் பார்த்துவிட்டீர்கள். எனவே இந்த இதழில் அந்தக் கேள்விகளுக்கே முதலிடம்.

எங்களுடையது தனி வீடு. பாத்ரூம் பின்சுவரோரம் பெருச்சாளி வளை தோண்டி மண்ணைக் குவித்துக்கொண்டே இருக்கிறது. கெமிக்கல் கடையில் அமோனியா வாங்கி, துணியில் நனைத்து வளைக்குள் திணித்தோம். இரண்டு நாள் சத்தமில்லை. மூன்றாம் நாள் நாலடி தள்ளிப் புது வளை. அளவைக் கூட்டலாமா? வீட்டில் மாமியாருக்கு ஆஸ்துமா உண்டு.
*தாம்பரம் வாசகி*

கூட்டாதீர்கள் அம்மா. திணித்ததையும் இன்றே எடுத்துவிடுங்கள். ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு, காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வீசும்படி நின்று, துணியை இழுத்து ஒரு வாளித் தண்ணீரில் அமுக்கி, அப்புறம் அலசுங்கள். அதுவரை மாமியார் முன்பக்க அறையிலேயே இருக்கட்டும். ஆஸ்துமாக்காரர்களுக்கு அந்த நெடியே போதும், மூச்சுக்குழல் சுருங்கிவிடும்.

பாட்டிலையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். வெளிநாடுகளில் வீடு துடைக்க என்று மளிகைக்கடையில் விற்கிற அமோனியாவின் செறிவு 5 முதல் 10 சதவீதம்தான். நம் ஊர் கெமிக்கல் கடையில் ‘லைக்கர் அமோனியா’ என்று கொடுப்பது பெரும்பாலும் 25 சதவீதத்துக்கு மேல். வீடியோவில் ஊற்றுகிற ஒரு மூடியும் நீங்கள் ஊற்றுகிற ஒரு மூடியும் ஒன்றல்ல. வெயில் காலத்தில் அந்தப் பாட்டிலுக்குள் அழுத்தம் ஏறி நிற்கும். மூடியைத் திருகியதும் முகத்தில் பீறிடும். கண்ணில் பட்டால் கருவிழியையே வேகவைத்துவிடும். என் கவலை முதலில் உங்களைப் பற்றி, பிறகுதான் பெருச்சாளியைப் பற்றி.

இரண்டு நாள் வரவில்லையே என்று கேட்பீர்கள். எலி இனத்துக்கே புதுப்பொருள் என்றால் சந்தேகம். அது தினமும் ஓடுகிற தடத்தில் ஒரு செங்கல்லை வைத்தாலும் சில நாள் ஒதுங்கிப் போகும். வெறும் தண்ணீரில் நனைத்த துணியைத் திணித்திருந்தாலும் உங்களுக்கு அந்த இரண்டு நாள் நிம்மதி கிடைத்திருக்கும்.

அமோனியா காற்றைவிட இலேசான வாயு. வளை வாயில் வைத்தால் அது கீழே இறங்கிப் பெருச்சாளியைத் துரத்தாது. மேலே ஏறி உங்கள் பாத்ரூம் ஜன்னலுக்குத்தான் வரும். துணியிலிருந்து ஒழுகும் கரைசல் மட்டும் கீழே போகும். அதை ஈரமண் பிடித்துக்கொள்ளும், மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் கொஞ்சம் கொஞ்சமாக நைட்ரேட்டாக மாற்றிவிடும். கடைசியில் நீங்கள் அந்த இடத்துக்கு உரம் போட்டிருக்கிறீர்கள், அவ்வளவுதான். செடிக்கு நேர் அடியில் ஊற்றினால் வேர் கருகும்.

இதற்கெல்லாம் மேலே ஒன்று. நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணைக்குள் போயிருப்பவர்களுக்குத் தெரியும், எச்சத்திலிருந்து கிளம்புகிற அமோனியா சில கொட்டகைகளில் நுழைந்ததுமே கண்ணைக் கரிக்கும். அதே கொட்டகைகளில் எலித்தொல்லை ஓயாது. தீவனம் சிந்திக் கிடக்கிறது, தண்ணீர் சொட்டுகிறது, ஒளிய இடம் இருக்கிறது. நெடியை அது ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்வதில்லை. எலி தன் வளையிலேயே மூத்திரம் பெய்து, அதிலிருந்து கிளம்புகிற அமோனியாவுக்கு நடுவிலேயே குட்டிகளை வளர்க்கிற பிராணி. அது பிறந்த நாளிலிருந்து முகர்ந்த வாசனையைக் காட்டி அதை மிரட்ட முடியாது.

அப்படியானால் என்ன செய்வது? பெருச்சாளி ஏன் உங்கள் பாத்ரூம் சுவரைத் தேடி வந்தது என்று பாருங்கள். பெரும்பாலும் கழிவுநீர்க் குழாயில்தான் பதில் இருக்கும். சேம்பர் மூடியைத் திறந்து, குழாய் சுவருக்குள் நுழைகிற இடத்தில் டார்ச் அடித்துப் பாருங்கள். இணைப்பு விட்டிருக்கும், அல்லது செங்கல் பெயர்ந்திருக்கும். அந்த ஓட்டையிலிருந்து கசிகிற ஈரத்தில் மண் இளகி, தோண்டச் சுலபமாகிவிடுகிறது. உள்ளே நஹானி ட்ராப், அதாவது பாத்ரூம் தரையில் தண்ணீர் வடிகிற வாய், அதன் சல்லடையை ஸ்குரு இல்லாமல் சும்மா வைத்திருந்தால் அதையும் தலையால் முட்டித் தள்ளிக்கொண்டு வரும்.

அடுத்து, எது உயிருள்ள வளை என்று கண்டுபிடிக்க வேண்டும். பெருச்சாளி ஒரு வளைக்குப் பல வாய் வைத்திருக்கும். சாயங்காலம் ஒவ்வொரு வாயிலும் செய்தித்தாளைக் கசக்கி லேசாகத் திணித்து, மேலே ஈரமண்ணை உள்ளங்கையால் தட்டிவிடுங்கள். காலையில் எந்த வாயில் காகிதம் வெளியே தள்ளப்பட்டிருக்கிறதோ அதுதான் நடமாட்டமுள்ள வாய். அங்கே மண் புதிதாக, பொலபொலவென்று இருக்கும். பக்கத்துச் சுவரின் அடிப்பகுதியைப் பாருங்கள்; தரையை ஒட்டி ஒரு கறுத்த எண்ணெய்க் கோடு ஓடும். அது அதன் ரோமம் உரசி உரசிப் படிந்த அழுக்கு. அந்தக் கோடு எங்கே போகிறது என்று பின்தொடர்ந்தால் அது சாப்பிடப் போகிற இடமும் தெரிந்துவிடும். நாய்க்கு வைத்த சோற்றுத்தட்டு, மூடாத குப்பைக்கூடை, கோழித்தீவனம், இப்படி ஏதோ ஒன்று. அதை இரவில் எடுத்துவிட்டாலே பாதி வேலை முடிந்தது.

பெரிய இரும்புக் கூண்டை அந்தக் கோட்டின் மேலேயே, சுவரோரமாக வையுங்கள். கருவாடு, தேங்காய்ச் சில்லு, மசால்வடை எதுவானாலும் சரி. முதல் சில இரவுகள் கதவு விழாதபடி கட்டிவைத்துத் தின்னவிடுங்கள். பயம் தெளிந்து உள்ளே போய்வரப் பழகிய பிறகு கட்டை அவிழுங்கள். பொறுமையில்லாமல் முதல் ராத்திரியே பொறியை ஏற்றுகிறவர்கள்தான் ‘எங்க வீட்டுப் பெருச்சாளி கூண்டைக் கண்டாலே வராது’ என்று எழுதுகிறார்கள். கூண்டையும் செத்த எலியையும் வெறுங்கையால் தொடாதீர்கள். எலிக்காய்ச்சல் அதன் மூத்திரம் வழியாகத்தான் பரவுகிறது. காலில் சின்ன வெட்டு இருந்தாலும் போதும்.

உள்ளே ஒன்றும் இல்லை என்று உறுதியான பிறகே அடைக்க வேண்டும். குழாய் இணைப்பைச் சரிசெய்து, வளைக்குள் உடைகல்லும் கண்ணாடித் துண்டும் சிமெண்டும் கலந்து இறுக்குங்கள். சுவரை ஒட்டி இரண்டடி ஆழம் தோண்டி, கால் அங்குலக் கண் உள்ள ஜிஐ வெல்டு மெஷ்ஷை (துத்தநாகம் பூசிய இரும்புக் கம்பிவலை) செங்குத்தாக இறக்கி, அடியில் ஓரடியை வெளிப்பக்கமாக மடித்துப் புதைத்துவிட்டால் நல்லது. பெருச்சாளி சுவரோரமே தோண்டி வந்து வலையில் முட்டும். பின்னால் போய்ச் சுற்றித் தோண்டலாம் என்ற யோசனை அதற்கு வராது. எங்கள் கிடங்குகளிலும் நெடியை நம்பி மூட்டை அடுக்கியதில்லை. தளத்தை மூன்றடி உயர்த்திக் கட்டி, எலி தாவி ஏற முடியாதபடி செய்ததுதான் மூட்டைகளைக் காப்பாற்றியது.

கூண்டு, மெஷ் எல்லாம் செலவு. எலி மருந்து வைத்தால் போதாதா?
*வேலூர் வாசகர்*

2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில், எலி மருந்து வைத்த வீட்டில் ஏசி போட்டு உறங்கிய குடும்பத்தில் இரண்டு சின்னக் குழந்தைகள் இறந்துபோனார்கள். அந்தச் செய்தி படித்த நாளிலிருந்து, வீட்டுக்குள் மருந்து வைக்கலாமா என்று யார் கேட்டாலும் என் பதில் ‘வேண்டாம்’ என்பதுதான்.

அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை கிடங்குகளுக்கானது. காற்றின் ஈரம் பட்டதும் பாஸ்பீன் வாயு கிளம்பும்; அதற்கு மாற்றுமருந்தே கிடையாது. நாங்கள் அதைப் போடும்போது மூட்டை அடுக்கைக் கவர் போட்டு மூடி, ஓரங்களில் ‘மணல்பாம்பு’ என்கிற, மணல் நிரப்பிய நீளப் பைகளை வைத்து அழுத்தி, ஆளை வெளியேற்றி, எச்சரிக்கைப் பலகை மாட்டி, நாள்கணக்கில் பூட்டிவைப்போம். படுக்கையறையில் வைக்கிற பொருளா அது? மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப்பசையைத் தமிழக அரசு தடை செய்திருக்கிறது. எங்காவது நீட்டினாலும் வாங்காதீர்கள். ஈரலை அழித்துவிடும். மெஷ் செலவு ஒருமுறைதான்.

சாக்கடையோரம் எலி வராமலிருக்க அமோனியா ஊற்றினேன். மறுநாள் அதே இடத்தில் பிளீச்சிங் பவுடர் தூவினேன். தொண்டை எரிந்து, இருமல் நிற்கவே இல்லை. இரண்டும் சுத்தம் செய்கிற பொருள்தானே?
*மதுரை வாசகர்*

இரண்டும் சேர்ந்தால் குளோராமின் என்ற விஷவாயு உண்டாகும். கண்ணீர், இருமல், நெஞ்சு இறுக்கம் எல்லாம் அதனால்தான். மூடிய பாத்ரூமில் இதைச் செய்திருந்தால் நுரையீரலில் நீர் கோத்திருக்கலாம். நீங்கள் திறந்த வெளியில் நின்றது நல்லதாகப் போயிற்று. இன்னும் மூச்சு இழுத்தால் தள்ளிப்போடாமல் டாக்டரைப் பாருங்கள். சில பேருக்கு மணிக்கணக்கில் கழித்துத்தான் மோசமாகும்.

நம் தெருக்களில் இது மற்ற நாடுகளைவிட அதிக ஆபத்து. மழைக்காலம் வந்தால் நகராட்சி, ஊராட்சி ஆட்கள் சாக்கடை ஓரமெல்லாம் பிளீச்சிங் பவுடர் தூவிவிட்டுப் போவார்கள். நீங்கள் கலக்கவே வேண்டாம், ஏற்கெனவே தூவிய இடத்தில் ஊற்றினாலே போதும். இப்படி நெடி கிளம்பினால் தண்ணீர் ஊற்றி அணைக்கலாம் என்று குனியாதீர்கள். உடனே விலகி நல்ல காற்றுக்கு வாருங்கள். கண்ணில் எரிச்சல் என்றால் கால் மணி நேரம் ஓடுகிற தண்ணீரில் கழுவுங்கள்.

சமையல் மேடைக்கு அடியில், சிலிண்டர் பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் அமோனியா வைக்கிறேன். மூடிய இடம்தான். பரவாயில்லையா?
*சேலம் வாசகி*

அந்த இடத்தில் கட்டாயம் கூடாது. சிலிண்டர் வால்வு, அடுப்பின் குமிழ், பர்னர் எல்லாவற்றிலும் பித்தளை இருக்கிறது. பித்தளைக்கு அமோனியா ஜென்ம விரோதி. பிரிட்டிஷ் ராணுவம் இந்தியாவில் மழைக்காலங்களில் தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் போட்டு வைத்திருந்தது. பித்தளை உறைகள் தானாக விரிசல் விட்டன. குதிரை மூத்திரத்திலிருந்து கிளம்பிய அமோனியாவும் ஈரக்காற்றும், உறையைச் செய்யும்போது உலோகத்தில் தங்கிவிட்ட இறுக்கமும் சேர்ந்துதான் காரணம் என்று 1921இல்தான் தெளிவாயிற்று. லாயத்தில் நடந்தது அலமாரிக்குள்ளும் நடக்கும். கேஸ் கசிகிற அபாயத்தோடு ஒப்பிட்டால் சுண்டெலி ஒன்றுமே இல்லை. சிங்க் குழாய் சுவருக்குள் போகிற இடத்தில் இடைவெளி இருக்கிறதா பாருங்கள். பென்சில் நுழைகிற சந்தில் சுண்டெலி நுழைந்துவிடும். ஸ்டீல் பாத்திரம் தேய்க்கிற கம்பிநாரை அதில் திணித்து மேலே பூசிவிடுங்கள்.

பார்க்கிங்கில் எங்கள் கார் டயரில் தினமும் பூனை மூத்திரம் அடிக்கிறது. அமோனியா கலந்த கிளீனரால் கழுவியும் நிற்கவில்லை.
*கோயம்புத்தூர் வாசகர்*

அதனால்தான் நிற்கவில்லை. பூனை மூத்திரம் காயும்போது வருவதும் அமோனியாதான். நீங்கள் கழுவிவிட்டுப் போனதும், வேறொரு பூனை வந்து தன் எல்லையைக் குறித்துவிட்டதாக நினைத்து அது திரும்ப அடிக்கிறது. சோப்புத்தண்ணீரில் கழுவி, வினிகர் கலந்த தண்ணீரால் துடைத்து, வெயிலில் காயவிடுங்கள். கிடைத்தால் என்சைம் கிளீனர் இன்னும் நல்லது. குடியிருப்போர் சங்கத்தில் பேசி அந்தப் பூனைக்குக் கருத்தடை செய்ய ஏற்பாடு செய்தால், டயரில் அடிக்கிற பழக்கம் பெருமளவு குறையும்.

ஓட்டு வீடு. மச்சில் மரநாய் குட்டி போட்டிருக்கிறது. நாற்றம், இரவெல்லாம் ஓட்டம். அமோனியா துணியை மச்சில் போட்டால் போய்விடும் என்கிறார்கள்.
*நாகர்கோவில் வாசகர்*

தாய் போய்விடும். குட்டிகள் போகாது. கண் திறக்காத குட்டிகள் அந்த நெடியில் மூச்சு முட்டிக் கிடக்கும், செத்தால் நாற்றம் பல மடங்காகும். இதைச் செய்யாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். மரநாய் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்ட உயிரினம். பிடிப்பதும் அடிப்பதும் குற்றம். அது எலியையும் தின்கிறது என்பதையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள்.

கூடியவரை இரண்டு மூன்று மாதம் பொறுத்துக்கொள்ளுங்கள், குட்டிகள் தாயோடு வெளியேறிவிடும். அவ்வளவு நாள் தாங்காது என்றால் மச்சில் ஒரு பல்பை இரவும் பகலும் எரியவிட்டு, சின்ன ரேடியோவைப் பாடவிடுங்கள். அமைதி கெட்ட இடத்திலிருந்து தாயே குட்டிகளைக் கவ்விக்கொண்டு வேறிடம் பார்த்துக்கொள்ளும். போய்விட்டதா என்று தெரிந்துகொள்ள, அது நுழைகிற இடத்தில் கோலமாவைத் தூவி வையுங்கள். சில நாள் தொடர்ந்து தடம் விழவில்லை என்றால், உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, பகலில் அல்ல, இருட்டிய பிறகு ஓட்டுச் சந்தை அடையுங்கள். பகலில் அது உள்ளேயே தூங்கிக்கொண்டிருக்கலாம். கூரையைத் தொடுகிற மாங்கிளை, பலாக்கிளையை வெட்டிவிடுங்கள். சந்தேகமிருந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

வயலோர வீடு. பாம்பு அடிக்கடி வருகிறது. கார்பாலிக் ஆசிட், பூண்டுக் கரைசல், வாசலில் ஆகாசகருடன் கிழங்கு எல்லாம் செய்தோம். அமோனியா இவற்றைவிடச் சக்தியுள்ளதா?
*தஞ்சாவூர் மாவட்ட வாசகி*

ஆகாசகருடன் கட்டுங்கள், அது உங்கள் நம்பிக்கை; யாருக்கும் கெடுதல் இல்லை. ஆனால் பாம்பைத் தடுக்கிறது என்று நம்பிக் கதவடிச் சந்தைத் திறந்து போட்டுவிடாதீர்கள். கார்பாலிக் ஆசிடை வைத்திருக்கவே வேண்டாம், தோலை வேகவைக்கும். அமோனியாவும் பாம்புக்கு வேலியாகாது. நெடி அடிக்கிற ஓரடியைத் தவிர்த்து மறுபக்கம் போய்விடும். காற்று வாங்கிய அரை நாளில் அந்த நெடியும் இருக்காது.

பாம்பு உங்கள் வீட்டுக்கு வருவது எலிக்காக. செங்கல்பட்டுப் பக்கத்து இருளர்கள் நல்லபாம்பைத் தேடுவதே எலி வளைகளில்தான். 1978இல் தொடங்கிய அவர்களுடைய கூட்டுறவுச் சங்கம் வடநெம்மேலியில் எடுத்துத் தருகிற விஷத்திலிருந்துதான் விஷமுறிவு மருந்து தயாராகிறது. அவர்களில் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அவர்கள் நடந்து போகும்போது கண் ஓடுகிற இடங்களை நீங்களும் பாருங்கள்: வரப்போர வளை, செங்கல் அடுக்கு, விறகுக் குவியல், காய்ந்த தென்னமட்டைக் குப்பை. இவற்றை வீட்டைவிட்டுத் தள்ளி வையுங்கள். நெல் மூட்டையை வீட்டுக்குள் அடுக்கினால் தரையில் நேராக வைக்காமல் மரச்சட்டத்தின் மேல், சுவரைவிட்டு விலக்கி அடுக்குங்கள்.

தரையில் படுக்காதீர்கள், முக்கியமாகக் குழந்தைகளைப் படுக்கவைக்காதீர்கள். கட்டுவிரியன் இரவில்தான் வரும், கடித்தால் வலியே தெரியாமலும் போகலாம். கட்டிலில் கொசுவலையை மெத்தைக்கு அடியில் செருகிப் படுத்தால் அதைவிட நல்ல தடுப்பு இல்லை. பாம்பு அறைக்குள் வந்துவிட்டால் கதவைச் சாத்தி, அடியில் ஈரத்துண்டைச் செருகி, தீயணைப்பு நிலையத்துக்கோ வனத்துறைக்கோ சொல்லுங்கள். கடித்துவிட்டால் கட்டுப்போடுவது, கீறுவது எதுவும் கூடாது. 108, நேரே அரசு மருத்துவமனை.

மூஞ்சூறு நாற்றம் தாங்கவில்லை. அதற்காவது?
*காரைக்குடி வாசகி*

மூஞ்சூறு எலி இனமே அல்ல. சுவரோரமாக ஓடிக் கரப்பான்பூச்சியையும் பூச்சி புழுவையும் தின்றுவிட்டுப் போகும். அரிசி மூட்டையைக் கடிக்காது. பிள்ளையார் வாகனமாக அதை வைத்தவர்களுக்கு அதன் அருமை தெரிந்திருக்கும் என்றே நினைக்கிறேன். கதவடிச் சந்தை அடைத்தால் உள்ளே வராது. தோட்டத்தில் ஓடட்டும்.

அமெரிக்காவில் இருக்கும் மகள் ‘இங்கே எல்லாரும் அமோனியாதான் வைக்கிறார்கள்’ என்கிறாள். அவர்களுக்கு மட்டும் எப்படிப் பலிக்கிறது?
*திருச்சி வாசகர்*

அங்கே அது வேறு பிராணிக்கு, வேறு இடத்தில். கரடி நடமாடுகிற ஊர்களில் வெளியே வைக்கிற குப்பைத்தொட்டியை அமோனியாவால் கழுவச் சொல்வது உண்டு. மோப்பத்தை வைத்தே தீனி தேடுகிற பிராணிக்குக் குப்பையின் வாசனை மறைந்தால் கொஞ்சம் பயன் இருக்கும். அதுவும் திறந்த வெளியில், அடிக்கடி புதுப்பித்தால், தொட்டிக்கு இறுக்கமான மூடியும் இருந்தால். புகைபோக்கிக்குள் ரக்கூன் குட்டி போட்டால் அமோனியா துணி போடுகிறவர்களும் இருக்கிறார்கள். நாகர்கோவில் வாசகருக்குச் சொன்னதேதான் அதற்கும். மகளிடம் முதலில் தொட்டி மூடியைப் பார்க்கச் சொல்லுங்கள்.

மீதமிருக்கும் அரை பாட்டிலை என்ன செய்வது?
*தாம்பரம் வாசகி, இன்னொரு தாளில்*

திறந்த பாட்டிலை இறுக்கி மூடி, நிற்கவைத்து, வெயில் படாமல் ஆட்டோவிலோ ஸ்கூட்டரின் முன்பக்கத்திலோ எடுத்துப்போய் வாங்கிய கடையிலேயே கொடுத்துவிடுங்கள். காரின் மூடிய டிக்கியில் வேண்டாம். அவர்கள் வாங்க மறுத்தால், வீட்டுக்கு வெளியே நின்று, ஒரு பெரிய வாளித் தண்ணீரில் ஒரு சின்ன டம்ளர் என்ற கணக்கில், அமோனியாவைத் தண்ணீரில் விட்டுக் கரைத்து, செடி கொடி இல்லாத வெற்றுத்தரையில் பரவலாக ஊற்றுங்கள். பிளீச்சிங் பவுடர் தூவியிருக்கிற பக்கம் வேண்டாம், சாக்கடையும் வேண்டாம். மாமியார் அப்போது வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். காலி பாட்டிலைப் பலமுறை கழுவி, லேபிளைக் கிழிக்காமல் போடுங்கள். எடுக்கிற தூய்மைப் பணியாளருக்கு அது என்னவென்று தெரிய வேண்டும்.